கன்னம் உப்பிய கரடி

“இன்னொரு கண்ணு எங்க?” என்று சித்தி கேட்டாள்.

நான் அப்போதுதான் பார்சலைப் பிரித்து மேசைமேல் வைத்திருந்தேன். பழுப்பு நிறக் கரடி. இரண்டு கன்னமும் உப்பி, வாயோரம் ஒரு சிரிப்போடு, எங்கள் பொம்மைத் தொழிற்சாலையில் எல்லோரும் குண்டன் என்று கூப்பிடும் அதே கரடி. வலது கண் இருந்தது. இடது கண் இருந்த இடத்தில் ஒரு சிறிய துளையும், அதிலிருந்து எட்டிப்பார்க்கும் கொஞ்சம் பஞ்சும் இருந்தன.

“பார்சல்ல இல்ல சித்தி.”

“கவர ஒதறிப் பாத்தியா?”

“பாத்துட்டேன். இத அனுப்பின அந்தம்மா போன்லயே சொன்னாங்க, கண்ணக் காணோம்னு.”

“காணோம்னா? கொழந்த முழுங்கிடுச்சா, இல்ல எங்கயாவது கெடக்குதா?”

“அதான் அவங்களுக்கே தெரியல. டாக்டர்கிட்ட காட்டினாங்களாம். படம் எடுத்தா பிளாஸ்டிக் தெரியாதாம். மூச்செல்லாம் நல்லா இருக்கு, வீட்டுல கவனிச்சுப் பாருங்கன்னு அனுப்பிட்டாராம்.”

“முதலாளி என்ன சொன்னாரு?”

“புதுக் கரடி ஒண்ணு அனுப்பச் சொன்னாரு. மன்னிச்சுக்கோங்கன்னு நாலு வரி எழுதச் சொன்னாரு.”

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“சரி, அத மடிச்சுப் பையில வையி. செருப்ப மாட்டு.”

“எங்க போறோம்?”

“கண்ணத் தேட.”

“சித்தி, முன்ன பின்ன தெரியாதவங்க வீட்டுல போய் நின்னு எப்படி...”

“அவங்க பாஷ எனக்கு வராது. உனக்கு வரும். உன்ன ரெண்டு பாஷ படிக்க வச்சதுக்கு உங்கம்மாவ இன்னிக்காவது ஒரு வார்த்த பாராட்டிடறேன். நட.”

அம்மாவின் தங்கை அவள். நான் கடிதம் எழுதும் வேலையில் இருந்த அதே தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் கண் டாக்டர். கல்யாணமான புதிதில் பிசிறு நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாகக் கண் பூட்டும் மேசைக்குப் பொறுப்பாளர் ஆனவள். கரடியின் கண் என்பது கறுப்பாக ஒரு குமிழ், அதன் பின்னால் ஒரு தண்டு, அவ்வளவுதான். முகத்துணியில் துளையிட்டு, தண்டை உள்ளே விட்டு, பின்பக்கம் ஒரு வளையத்தை மாட்டி அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் சரியாக விழுந்ததா இல்லையா என்பதை அடுத்த மேசையில் டீ குடித்துக்கொண்டே சித்தி சொல்லிவிடுவாள்.

பூட்டிய முகங்களில் சிலவற்றை எடுத்துக் கவ்வியில் மாட்டி, கண்ணில் எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். பக்கத்தில் ஒரு சிறிய உலோகக் குழாய் இருக்கும். அது சின்னக் குழந்தையின் தொண்டை அளவு என்பதால் அதன் பெயரே தொண்டை. பொம்மையிலிருந்து கழன்றுவரும் எதுவும் தொண்டைக்குள் முழுதாக விழக்கூடாது என்பது விதி. கண் விழும். ஆகவே கண் கழலவே கூடாது. சித்தியின் மேசையில் அது கழன்றதில்லை.

வீட்டிலும் அவளுக்கு அதே பார்வைதான். அக்கா தான் கட்டிக்கொள்ளப் போகிறவரை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தபோது, அவர் கை கழுவப் போன நேரம் பார்த்துச் சித்தி என் காதில், “எடது கண்ணு ஒரு நூல் மேல பூட்டியிருக்கு. ஆனா சிரிச்சா சரியாயிடுது, விட்டுடலாம்” என்றாள். அவள் வீட்டுச் சோபாவில் மாறுகண் கரடி, காது ஏறிய முயல், மூக்கு கோணிய நாய் என்று கடைக்குப் போகாமல் கழிக்கப்பட்டவை வரிசையாக உட்கார்ந்திருக்கும். உட்கார இடமில்லாமல் சித்தப்பா ஒரு ஓரமாக நின்றபடி செய்தித்தாள் படிப்பார். “இந்த வீட்டுல என்னையும் சேத்து எதுவும் கடைக்குப் போற தரம் கெடையாது” என்பார்.

குண்டனின் கன்னம் சித்தியின் யோசனை. முதலில் செய்த கரடி ஒடுங்கிய முகத்தோடு இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது என்ன, காச்சல்ல கெடந்து எழுந்த மாதிரி இருக்கு” என்றாள். பஞ்சு அடைக்கும் பிரிவில் இருந்தவரை நாங்கள் பஞ்சு அண்ணன் என்போம். அவரிடம் போய், கன்னத்தில் இன்னும் நன்றாக அடைக்கச் சொன்னாள். அவர் மரக்குச்சியால் குத்திக் குத்தி அடைத்ததும் முகத்துக்கு உயிர் வந்துவிட்டது. கடைக்காரர்கள் பெயர் சொல்லியே குண்டனைக் கேட்டு வாங்கினார்கள். சித்தி அதைப் பற்றிப் பெருமை பேசியதில்லை. ஆனால் பேருந்தில் எந்தக் குழந்தையாவது குண்டனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினால், இறங்கும் வரைக்கும் வேறு பக்கம் திரும்பமாட்டாள்.

அந்தக் கரடிதான் ஒற்றைக் கண்ணோடு வந்திருந்தது.

அடுக்குமாடி வீடு. கதவைத் திறந்த அந்தம்மாவுக்குக் கையெல்லாம் சோப்பு நுரை. நான் இன்னாரென்று அவர்கள் மொழியில் சொன்னதும், உங்கள் கம்பெனி வக்கீலை அனுப்பியிருக்கிறதா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். பின்னால் நிற்பவர் யார் என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், கண் வைப்பவர் என்றேன்.

“கொழந்த எங்கன்னு கேளு மொதல்ல” என்றாள் சித்தி.

குழந்தை கூடத்தில் தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. இப்போதுதான் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசப் பழகியிருக்கும் வயது. சித்தி எதிரே உட்கார்ந்து அது மென்று விழுங்குவதையே பார்த்தாள். ஒரு வாய், இன்னொரு வாய். பிறகுதான் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. அந்த அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கரடி கண்ணை இழந்ததிலிருந்து குழந்தை தூங்கும்போதெல்லாம் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பதாக என்னிடம் சொன்னார். நான் மொழிபெயர்க்குமுன்பே சித்திக்குப் புரிந்துவிட்டது போலத் தலையசைத்தாள்.

தேட ஆரம்பித்தோம். சோபா இடுக்கில் ஒரு சீப்பும் இரண்டு பேனா மூடிகளும் இருந்தன. குளிர்பெட்டிக்கு அடியில் அளவுகோலை விட்டு இழுத்தபோது, அந்த அம்மா தொலைத்துவிட்டதாக நினைத்திருந்த தோட்டின் திருகாணி வந்தது. “இதுவும் தொண்டைல விழும். பத்திரமா வைக்கச் சொல்லு” என்றாள் சித்தி. கண் மட்டும் வரவில்லை. கடைசியில் சித்தி தரையில் குப்புறப் படுத்து, குழந்தையின் உயரத்திலிருந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குழந்தைக்கு அது பிடித்துப்போய் அவள் பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டது.

“கண்ணு எங்கன்னு நான் கேட்டுட்டேன், பதில் சொல்ல மாட்டேங்குது” என்றேன்.

“கண்ணு எங்கன்னு கேக்காத. கரடி இப்ப எதப் பாக்குதுன்னு கேளு.”

கேட்டேன். குழந்தை எழுந்து ஜன்னலுக்குப் போனது. நகர்த்தித் திறக்கும் கண்ணாடி ஜன்னல். கையை உயர்த்தினால் குழந்தைக்கு எட்டும் அதன் கீழ்த் தண்டவாளத்தில், தூசிக்கு நடுவே, தண்டு பள்ளத்தில் செருகி, கறுப்புக் குமிழ் தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தது.

“பஸ்” என்றது குழந்தை. மிச்சத்தை அதன் அம்மா எனக்கு விளக்கினார். ஜன்னலுக்குத் தூக்கச் சொல்லி அது அடிக்கடி அழும். விழுந்துவிடப் போகிறது என்று அவர் கரடியையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடுவார். கண்ணுக்காவது பேருந்து தெரியட்டும் என்று அது வைத்திருக்கிறது. சொல்லி முடிப்பதற்குள் அவர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். சித்தி அவர் முதுகில் கை வைத்தாள். அதற்கு என் மொழி தேவைப்படவில்லை.

பேருந்தில் திரும்பும்போது சித்தி கண்ணை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆபத்து எதுவும் இல்லாமல் முடிந்ததே என்று நான் ஏதோ சொன்னேன். அவள் கையை என் பக்கம் நீட்டினாள்.

“தடவிப் பாரு.”

வழவழப்பான குமிழில், விளிம்போரம் மட்டும் சொரசொரப்பாக இருந்தது. சின்னச் சின்னப் பள்ளங்கள்.

“பல்லு” என்றாள். “வாயில போட்டுக் கடிச்சுப் பாத்திருக்கு. அப்புறந்தான் வெளிய எடுத்து ஜன்னல்ல வச்சிருக்கு. நடுவுல ஒரு தும்மல் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?”

கண்ணை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் சித்தி தன் மேசை முகங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கவ்வியில் மாட்டினாள். ஒரு கண்ணும் அசையவில்லை. அடுத்து, யாரும் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். கடைக்கு அனுப்பத் தயாராக இருந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, முழுக் கரடிகளை எடுத்து இழுத்தாள். முழுக் கரடி கவ்வியில் அடங்காது, பஞ்சு பிதுங்கும். அதனால்தான் எப்போதும் வெறும் முகத்தில் சோதிப்பது வழக்கம். அவள் கரடியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு எடையைத் தொங்கவிட்டாள். பல கரடிகள் தாங்கின. ஒன்றின் கண் எடையோடு கீழே விழுந்தது.

அந்தக் கரடியைத் தூக்கிக்கொண்டு அவள் பஞ்சு அண்ணனிடம் போனாள். நானும் பின்னால் போனேன்.

“அண்ணே, ஒரு மொகத்துக்கு மெதுவா பஞ்சு அடைங்க. ரேடியோவ அணைங்க.”

“என்ன கண் டாக்டர், இன்னிக்கு வயித்தையும் பாக்கறீங்களா?” என்றார் அவர்.

“அடைங்கண்ணே.”

அவர் குச்சியை எடுத்துக் கன்னத்துக்குள் பஞ்சைக் குத்தினார். சித்தி கரடியின் முகத்தருகே காதை வைத்திருந்தாள். நாலைந்து குத்துக்குப் பிறகு நிறுத்தச் சொன்னாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பஞ்சைப் பிடுங்கிப் பார்த்தபோது, கண்ணின் பின்னால் இருந்த வளையம் ஒரு பக்கம் எழும்பி, மயிரிழை அளவுக்கு விரிந்திருந்தது. கன்னத்துக்குப் போகும் குச்சி, வழியில் வளையத்தின் விளிம்பை நெம்பிவிட்டுப் போகிறது. மேசையில் சரியாக இருந்த கண், பெட்டிக்குள் போகும்போது சரியாக இல்லை.

பஞ்சு அண்ணன் குச்சியைக் கீழே வைத்தார். “நீதானம்மா சொன்ன, கன்னத்துல நல்லா குத்துங்கன்னு.”

“நான்தாண்ணே சொன்னேன்” என்றாள் சித்தி. “உங்க மேல ஒண்ணுமில்ல.”

முதலாளி கெட்டவர் அல்ல. விஷயத்தைக் கேட்டதும் குண்டனை நிறுத்தினார். கடைகளிலிருந்து திருப்பி வாங்கினார். வீடுகளுக்குப் போய்விட்ட கரடிகளைத் திருப்பித் தரச் சொல்லி இரண்டு மொழியிலும் அறிவிப்பு எழுத என்னைப் பணித்தார். “கெட்டது வெளிய வரட்டும், பரவால்ல” என்றார். ஆனால் சித்தி அடுத்துக் கேட்டதற்கு மட்டும் அவர் ஒப்பவில்லை.

எங்கள் ஊரில் பொம்மை செய்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மாதாமாதம் அட்டைப்பெட்டிக் கடை மாடியில் கூடுவார்கள். ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் புதுப் பொம்மையை மேசைமேல் வைத்து, அடுத்தவர் வயிறெரிவதை ரசித்துக்கொண்டே டீ குடிப்பார்கள். அந்த மேசைமேல் ஒற்றைக்கண் கரடியை வைக்க வேண்டும் என்றாள் சித்தி.

“நம்ம அசிங்கத்த நாமளே கொண்டு போய்க் காட்டணுமா? நல்லா இருக்கும்மா” என்றார் முதலாளி.

“அவங்களும் இதே கடையிலதான் கண்ணு வாங்கறாங்க சார். இதே குச்சியாலதான் அடைக்கறாங்க. வெறும் மொகத்துலதான் இழுத்துப் பாக்கறாங்க. விதியிலயும் இழுத்துப் பாருன்னுதான் இருக்கு, பஞ்சுக்கு முன்னயா பின்னயான்னு இல்ல.”

“அவங்க பொம்மைக்கு அவங்க பொறுப்பு.”

“கடையில நிக்கற கொழந்தைக்கு எது யாரு பொம்மன்னு தெரியுமா சார்?”

சித்தி கண்ணை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதை எடுத்து, கட்டைவிரலால் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சொரசொரப்பு என்ன என்று அவர் கேட்கவில்லை.

“நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்றார் கடைசியில். “நீ வேணா வா. நீயே தூக்கிட்டு வா.”

கூட்டக் குறிப்பை இரண்டு மொழியிலும் எழுதுவது என் வேலை என்பதால் நானும் அங்கே இருந்தேன். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இழுத்துச் செல்லும் மரவண்டி செய்கிற பெரியவரை எல்லோரும் சக்கரக்காரர் என்பார்கள். எங்கள் முதலாளிக்கும் அவருக்கும் பல வருடப் பகை. ஒருவர் டீ கேட்டால் மற்றவர் தண்ணீர் கேட்பார். சித்தி பையிலிருந்து கரடியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“என்னம்மா, உங்க கரடி கண்ணடிக்குது” என்றார் சக்கரக்காரர். சிலர் சிரித்தார்கள்.

பட்டறையில் ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் அடுத்ததைத் தொடங்கிவிடும் சித்தி அன்று பேச்சைத் தொடங்காமல் பையையே துழாவினாள். கரடியின் பக்கத்தில் கண்ணையும் வைத்தாள். பஞ்சு குத்தும் குச்சியையும் வைத்தாள். “இது என் கரடி” என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் வரவில்லை.

பேசமாட்டேன் என்ற முதலாளி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“எங்க கரடி” என்றார். “கண்ணு கழண்டு ஒரு கொழந்த வாய்க்குள்ள போயிருக்கு. அந்தக் கொழந்தைக்கு ஒண்ணும் ஆகல. எப்படிக் கழண்டுச்சுன்னு இவங்க கண்டுபிடிச்சாங்க. கேட்டுக்கோங்க.”

அதன் பிறகு சித்திக்குக் குரல் வந்தது. குச்சியைப் பிடித்துக் காட்டிச் சொன்னாள். கன்னத்தை உப்பவைக்கச் சொன்னது தான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. கரடி செய்கிற இன்னொருவர் நாற்காலியில் நெளிந்து, எங்களிடமும் அதே குச்சிதான் என்றார், மெதுவாக.

சக்கரக்காரர் தன் சட்டைப்பையில் விரலை விட்டுத் துழாவி, ஒரு சிறிய இரும்பு ஆணியை எடுத்துக் கரடியின் பக்கத்தில் வைத்தார். அவர் வண்டியின் சக்கரத்திலிருந்து கழன்று, ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்த ஆணி.

“எவ்வளவு நாளா வச்சிருக்கீங்க?” என்றார் எங்கள் முதலாளி.

“சட்ட மாத்தும்போதெல்லாம் இதையும் மாத்தி வச்சுக்கறேன்” என்றார் அவர்.

மேசையின் வழக்கம் அன்றைக்கு மாறியது. அதற்கப்புறம் புதுப் பொம்மைகளோடு, திரும்பி வந்த பொம்மைகளையும் கொண்டு வந்தார்கள். தலை கழன்ற வாத்து வந்தது. கிலுகிலுப்பை செய்பவர் வெடித்துப்போன ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தார். கேலி இருந்தது. “இந்த மாசம் உங்க வீட்டுல யாருக்குக் காலு போச்சு?” என்பார்கள். ஆனால் எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள். பெட்டிக்குள் போகிற நிலையில்தான் பொம்மையைச் சோதிக்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து, விதி எழுதுகிற அலுவலகத்துக்கும் எழுதினார்கள். நான்தான் இரண்டு மொழியிலும் எழுதினேன். அலுவலகத்தின் பதில் தன் நடையில் மெதுவாக வந்தது, மேசை அதற்காகக் காத்திருக்கவில்லை. மிகச் சின்னக் குழந்தைகளுக்கான பொம்மைகளுக்குக் கண்ணை நூலால் தைத்துவிடுவது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். சித்தி தையல் கண்ணைப் பார்த்து, “தூக்கக் கலக்கத்துல இருக்கு” என்று குறை சொன்னாள். பிறகு அதை எப்படி விழிக்கவைப்பது என்று ஒரு வாரம் நூலோடு உட்கார்ந்து, கறுப்புக்குள் ஒரு வெள்ளைத் தையல் போட்டு விழிக்கவைத்தாள். குண்டன் புதுக் கண்ணோடு திரும்பி வந்தான். கன்னம் முன்பு போலவே உப்பியிருந்தது. பஞ்சு அண்ணன் குச்சியை விட்டுவிட்டு விரலால் அடைத்தார்.

அறிவிப்பைப் பார்த்துப் பழைய குண்டன்கள் நிறைய வந்தன. சித்தி ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணை இழுத்துப் பார்த்துப் பெட்டியில் போட்டாள். பெரும்பாலும் கெட்டியாகத்தான் இருந்தன. எல்லாம் வந்து முடிந்த பிறகும், வெளியே போன அளவுக்கு வரவில்லை. சில வீடுகள் மாறிப் போயிருக்கும். சில குழந்தைகள் கொடுக்கமாட்டேன் என்று அழுதிருக்கும். சித்தி அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனால் பேருந்தில் பழைய குண்டனோடு ஒரு குழந்தை ஏறினால், இப்போது அவள் உட்கார்ந்தபடி பார்ப்பதில்லை, எழுந்து போய், “தம்பி பேரு என்ன?” என்று கேட்டுக்கொண்டே கரடியின் கண்ணைப் பிடித்து இழுத்துவிடுவாள். ஒரு முறை ஒரு தகப்பன் அவளைப் பைத்தியம் என்று நினைத்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

வேலை கிடைத்து நான் வேறு ஊருக்குக் கிளம்பினேன். மொழிபெயர்ப்பு வேலை, வீடு வீடாகப் போக வேண்டியது. பெட்டியை மூட முடியாமல் நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தபோது சித்தி வந்தாள். கொண்டுவந்த துண்டை மடித்து உள்ளே செருகினாள். பூட்டை இருமுறை இழுத்துச் சரிபார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒரு ஒத்தாச பண்ணுவியா?”

“சொல்லு சித்தி.”

“நீ போற வீட்டுல எங்கயாவது நம்ம பழைய குண்டன் இருந்தா, யாரும் பாக்காதப்ப ஒரு தடவ கண்ணப் புடிச்சு இழுத்துப் பாரு. கையோட வந்துச்சுன்னா, அந்தக் கண்ண எனக்கு அனுப்பிடு. வரலேன்னா, கன்னத்துல ஒரு தட்டு தட்டிட்டு, ஜன்னல் பக்கமா பாத்த மாதிரி உக்கார வச்சுட்டு வா.”